ஒரு கப்பலும் ஒரு சீப்பும்

பேசியோ, தராவா.
மே மாதம், 1976. வியாழக்கிழமை.

அன்புள்ள லெபேக்காவுக்கு,

மௌரி. நீ இப்போது வேறு நாட்டுக்காரி ஆகிவிட்டதால் உங்கள் பக்கத்து வணக்கத்தையும் சேர்த்துப் போடுகிறேன், தாலோஃபா. சீமைப்பலா மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, “அடியே, அடுப்புல நெருப்பு இருக்கா?” என்று கத்திக்கொண்டிருந்தவளுக்கு உட்கார்ந்து மரியாதையாகக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் உன்னைத் திட்டப்போகிறேன், தயாராக இரு.

முதலில் நல்ல சேதி. இங்கே எல்லோரும் சுகம். என் மூத்தவன் கப்பல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான். பயிற்சி முடிந்தால் ஜெர்மன்காரர்களின் கப்பலில் வேலை கிடைக்குமாம். இப்போதே வீட்டில் ஒரு முடிச்சு மிச்சமில்லாமல் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிறான், கோழி கட்டின கயிற்றைக்கூட விடவில்லை. சின்னவர்கள் இருவரும் வழக்கம்போல ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். அரோய்தாவும் சுகம். உயரமாகிவிட்டாள். நீ ஜனவரியில் பார்த்த கவுன் இப்போது முழங்காலுக்கு மேலே நிற்கிறது.

உன் கடிதமும் மூட்டையும் கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அரோய்தா பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் பிரித்துப் படித்தேன். நல்லவேளை. நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், கேள்: ‘அரோய்தாவை நீயே வைத்துக்கொள். இங்கே வீடு இன்னும் சரியாகவில்லை. உங்கள் நாட்டில் இருப்பதுபோல இங்கே எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் பிரித்து முடித்தாயிற்று, பெற்றவள் நீ, அவள் உன் பங்கு.’

அடி பாவி! பங்கா? வாங்கின சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதுபோலப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிறாயே, உங்கள் நூயித் தீவில் இதுதான் வழக்கமா? மூட்டையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அவளுடைய சின்னப் பாய், கோயிலுக்குப் போடுகிற வெள்ளைக் கவுன், அப்புறம் அந்தச் சீப்பு. அந்தக் கவுனை எடுத்துப்போனவளே நீதானே, ஃபுனாஃபுதியில் வீடு கிடைத்ததும் அவளை அழைத்துக்கொள்கிறேன் என்று. கவுன் போகட்டும். சீப்பை எதற்கடி அனுப்பினாய்?

வெள்ளிக்கிழமை

நேற்று கோபத்தில் பேனாவை வைத்துவிட்டேன். இன்று கொஞ்சம் தணிந்திருக்கிறது.

கப்பல் திங்கட்கிழமை கிளம்புகிறது. துறைமுகத்தில் இப்போது பெரிய வேடிக்கை. நாடு இரண்டானதும் அரசாங்க ஆபீசில் உங்களுக்கும் எங்களுக்கும் பிரித்த சாமான்களில் மிச்சம் இருந்ததை ஏற்றுகிறார்கள். மேசை, அலமாரி, தட்டச்சு இயந்திரம், கயிறு போட்டுக் கட்டின காகிதக் கட்டுகள் எல்லாம் வெயிலில் வரிசையாக நிற்கின்றன. ஒரு மேசையின் இழுப்பறை மட்டும் எங்கள் பக்கத்தில் தங்கிவிட்டதாம், அதைத் தேடி ஒரு குமாஸ்தா அலைகிறார். இங்கே பாக்கி இருக்கிற உங்கள் ஆட்களும் இந்தக் கப்பலில்தான் போகிறார்கள். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உங்களிடம் இருப்பது ஒரு கப்பல், அதற்கு உங்கள் தீவுகளையெல்லாம் சுற்றிவரவே நேரம் சரியாக இருக்கும். ஆகவே அரோய்தாவை ஏற்றுவதா வேண்டாமா என்று திங்கட்கிழமைக்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஓட்டுப் போடுவதற்கு முன்னாலேயே உங்கள் ஆட்களிடம் வெட்ட வெளிச்சமாகச் சொன்னார்கள் அல்லவா? பிரிந்தால் பனாபா தீவில் வெட்டுகிற பாஸ்பேட் மண்ணின் வருமானத்தில் காலணா பங்கு கிடையாது, கையில் ஒரு கப்பல் கொடுப்போம், அவ்வளவுதான் என்று. அப்படியும் பிரிகிறோம் என்றுதானே சீட்டுப் போட்டீர்கள். எங்களை யாரும் கேட்கவே இல்லை. என் கையில் ஒரு சீட்டுக் கொடுத்திருந்தால், ‘மற்றவர்கள் எல்லோரும் போகட்டும், லெபேக்கா மட்டும் இருக்கட்டும்’ என்று எழுதிப் போட்டிருப்பேன். உன் வீட்டுக்காரர் சிமேயோனா அன்றைக்கு மரத்தடியில் நின்று, “பாஸ்பேட்டா பெரிசு? எங்க வீட்ட நாங்களே பாத்துக்கறோம்” என்று மார்தட்டினாரே, இப்போது ஃபுனாஃபுதியில் தகரக் கொட்டகையில் கொசுவடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறாரா? கேட்டதாகச் சொல்.

கேலிதான், தப்பாக நினைக்காதே. உத்தியோகமெல்லாம் எல்லிஸ்காரர்களான உங்களுக்கே போகிறது என்று எங்கள் பையன்கள் பொருமியதும் உண்மை. நாளைக்கு வெள்ளைக்காரன் போனதும் சட்டசபையில் எங்கள் கை ஓங்கிவிடும் என்று நீங்கள் பயந்ததும் உண்மை. நம் பாட்டன்மார் காலத்தில் வெள்ளைக்காரன் இரண்டு தீவுக் கூட்டத்தையும் ஒரே பாயில் சுருட்டிக் கட்டினான், இப்போது அவிழ்த்துவிட்டான். நம் இரண்டு அடுப்புக்கு நடுவில் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. வந்திருந்தால் மீன் தீய்ந்துபோயிருக்கும்.

பனாபா சுரங்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் தெபானோ எழுதியிருக்கிறார். மண் தீர்ந்துகொண்டே வருகிறதாம். இன்னும் சில வருஷந்தான், அப்புறம் பாறையும் கம்பெனியின் துருப்பிடித்த இயந்திரமும்தான் மிச்சம் என்கிறார். போதாததற்கு அந்தத் தீவுக்காரர்கள் அது எங்கள் மண் என்று லண்டனில் வழக்கு நடத்துகிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆகவே எங்களிடம் பெரிய சொத்து இருக்கிறது, உங்களிடம் ஒன்றும் இல்லை என்று நீ எழுதாதே. மண் தீர்ந்த பிறகு நாங்களும் உங்களைப்போலக் கொப்பரையையும் மீனையும் நம்பித்தான் பிழைக்க வேண்டும். உங்களுக்காவது புதுசாகத் தபால்தலை அடித்து விற்கிறார்களாம். கப்பல்காரர் ஒன்று காட்டினார், அழகாகத்தான் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் அரோய்தா குளித்துவிட்டு வந்தாள். சீப்பைப் பார்த்துவிட்டாள். அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு என்ன கேட்டாள் தெரியுமா? “தெபோரா, அம்மா இத ஏன் அனுப்பிட்டா? நான் அங்க போனா எதால தலை வாருவா?” என்றாள். எண்ணெய் எடுத்துவரச் சொல்லி உட்காரவைத்து வாரினேன். எட்டு வயதாகிறது, அவள் தலையை நான் வாரியது நேற்றுத்தான் முதல் தடவை. இத்தனை நாளும் உன் வேலை அது. நீ போன பிறகு அவளே விரலால் கோதிக்கொண்டு திரிந்தாள், தொடவிடமாட்டாள். “வலிக்குது, நீ அம்மா மாதிரி வார மாட்டேங்கற” என்று சிணுங்கினாள். அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து நகர்ந்து காயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏன் இப்படித் திரும்புகிறாய் என்றேன். “ஃபுனாஃபுதி அந்தப் பக்கந்தானே?” என்றாள். தென்கிழக்கு. பள்ளிக்கூடத்துப் படத்தில் பார்த்து வைத்திருக்கிறாள்.

நீ அவளைக் கேட்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வயிறு முன்னால் வந்துவிட்டிருந்தது. தாழை ஓலை கிழித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து எதிரில் உட்கார்ந்தாய், சுற்றி வளைக்காமல், “இந்தப் பிள்ளைய எனக்குக் குடு” என்றாய். எங்கள் ஊரில் உறவுக்காரர் வாய்விட்டுக் கேட்டால் அது புபுசி, இல்லையென்று சொன்னால் முகத்தை வெளியில் காட்ட முடியாது. அதனால்தான் யாராவது வருகிற சத்தம் கேட்டால் நல்ல தூண்டிலையும் புதுத் துணியையும் பாய்க்கு அடியில் தள்ளிவிடுகிறோம். வயிற்றில் இருப்பதை எங்கே தள்ளுவது? தெபானோவின் அண்ணன் பௌரோதான் குறுக்கே விழுந்தார். “இவ எல்லிஸ்காரி. இவளுக்கும் நமக்கும் என்ன உறவு, புபுசி கேக்கறதுக்கு?” என்றார். நீ அசையவில்லை. நூயிக்காரர்கள் எங்கள் பேச்சையே பேசுகிறவர்கள், எங்கள் தீவிலிருந்து படகேறிப் போனவர்கள் என்று ஆரம்பித்து, உன் பாட்டனுக்குப் பாட்டன் பேரிலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லி, கடைசியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியிலேயே கொண்டுவந்து நிறுத்தினாய். பௌரோ ஒத்துக்கொண்டார். அதில் பாதிப் பேரை நீ அந்த இடத்திலேயே பெற்றுப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளையில்லாத ஏக்கத்தில் ஒருத்தி இவ்வளவு அழகாகப் பொய் சொன்னால் யாரால் மறுக்க முடியும்? நான் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

அந்தப் பௌரோவே இன்று காலையில் வந்து உட்கார்ந்து, பெண்ணை அனுப்பாதே என்கிறார். உன் கடிதத்தைப் பற்றிக் கப்பல்காரர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. “அவளே வேண்டான்னுட்டா, அப்புறம் என்ன? இங்க அவளுக்குத் தாழங்காடு இருக்கு, பாபாய்க் கிழங்குக் குழி இருக்கு. அங்க போனா அந்நிய நாட்டுக்காரி. அங்க புயல் வந்து நாலு வருசங்கூட ஆகல, மரமெல்லாம் வேரோட போச்சாமே. நம்ம பக்கம் புயலே கிடையாது, அதுன்னா என்னன்னு தெரியுமா அவளுக்கு?” என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அரோய்தா பிறந்தபோது எதிர்த்தவர்தான் இப்போது அவளுக்கு முதல் மீன் கொண்டுவந்து கொடுக்கிறவர்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கும் ஆசைதான். மூன்று பையன்களைப் பெற்றவளுக்கு இருப்பது ஒரே பெண். அவள் இந்த மாதங்களில் என் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள், காலை என் மேல் போட்டுக்கொண்டு. உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது என்றேன் அல்லவா, கோபத்துக்கு முன்னால் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. அதனால்தான் கோபமே அவ்வளவு வந்தது. நாளைக்கு மனேயாபா மண்டபத்தில் உங்கள் ஆட்களுக்கு ஊர் விருந்து. முடிந்ததும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

கோயிலுக்குப் போய்வந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீ நேரில் பார்த்திருக்க வேண்டியது.

மனேயாபா நிறைந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் அதனதன் தூணுக்கு நேராக, அதனதன் இடத்தில். நாங்கள் எங்கள் இடத்தில். பௌரோ முன்னால், நானும் பிள்ளைகளும் பின்னால். விருந்தாளிகளுக்கான பக்கத்தில் உங்கள் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எண்ணெய் தேய்த்துப் பூமுடி வைத்துக்கொண்டு. போன தடவை நீயும் சிமேயோனாவும் உட்கார்ந்த அதே பக்கம். அந்த வரிசை ஓரத்தில் உங்கள் கிழத் தபால்காரர் உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பக்கத்தில் ஒரு பாய் அளவுக்கு இடம் காலி.

எங்கள் ஊர்ப் பெரியவர் பேச ஆரம்பித்தார். கும்பலில் திரும்பிப் பார்த்தால் அரோய்தாவைக் காணோம். நடுவில் குறுக்கே நடக்கவில்லை, அந்த மரியாதை தெரியும் அவளுக்கு. கூரை விளிம்புக்கு அடியில் குனிந்து வெளியே போயிருக்கிறாள், கட்டடத்தை முழுக்கச் சுற்றியிருக்கிறாள், அந்தப் பக்கத்தில் குனிந்து உள்ளே வந்து தபால்காரருக்குப் பக்கத்தில் காலி இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். உன் வெள்ளைக் கவுன், மடியில் அந்தச் சீப்பு.

பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். பௌரோவுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஏ பொண்ணே, உன் எடம் இங்கல்ல இருக்கு! அங்க போயி ஏன் உக்காந்தே?” என்று கூப்பிட்டார். மனேயாபாவில் பிள்ளைகள் வாய் திறக்கக்கூடாது என்று உனக்குத் தெரியும். உன் பிள்ளை திறந்தாள். “எங்கம்மா வரல. அவ எடம் காலியா இருக்கு, அதான் உக்காந்தேன்” என்றாள்.

பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், “அது அவங்கம்மா எடம்னா அது அவ எடம். எழுப்பாதீங்க” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அங்கே யாரும் ஒன்றும் பேச முடியாது. எங்கள் வீட்டுப் பிள்ளை எங்கள் கண் முன்னால் விருந்தாளி ஆகிவிட்டாள்.

விருந்தாளிகளுக்குத்தானே முதலில் பரிமாற வேண்டும்? அந்த வரிசைக்குப் பரிமாறுவது எங்கள் குடும்பத்து முறை. பௌரோ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெரிய மீன் தலையை அவள் முன்னால் வைத்து, “விருந்தாளியம்மா, கூச்சப்படாம சாப்பிடுங்க” என்றார். மனேயாபா முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் திரும்பி வரும்போது முகத்தை என் பக்கம் காட்டவில்லை. அடுத்து நான் இளநீர் கொண்டுபோனேன். லெபேக்கா, நான் பெற்ற பிள்ளைக்கு நான் விருந்து பரிமாறினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நன்றி என்றாள், விருந்தாளிகள் சொல்வதுபோல. அப்புறம் மெதுவாக, “தெபோரா, கோவமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. உன் பேரில் இருந்த கோபமும் அங்கேயே போய்விட்டது.

நீ பொய்யாகக் கட்டின பாட்டன்மார் வரிசை இருக்கிறதே, அதில் கடைசியாக ஒரு உண்மையான ஆள் வந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் பௌரோ, “ரோஷக்காரி, எல்லிஸ்காரியேதான்” என்றார். அதற்கப்புறம் அனுப்பாதே என்று அவர் சொல்லவில்லை. தாழங்காடும் பாபாய்க் குழியும் அவள் பேரிலேயே இருக்கும், எந்தக் கொடிக்கு அடியில் வந்து நின்றாலும் அவளுடையதுதான் என்றும் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை

அவசரமாக எழுதுகிறேன், படகு காத்திருக்கிறது. இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பது யார் என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். கடிதத்தை அப்புறம் படிக்கலாம், முதலில் அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடு. வழியில் குமட்டியிருக்கும். தபால்காரரும் அவர் மனைவியும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாட்டிலில் இருப்பது தென்னம் பதநீர்ப் பாகு, நானே காய்ச்சியது. சிமேயோனாவிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாதே, ஒரே நாளில் நக்கி முடித்துவிடுவார். பாய் புதுசு, அவள் உயரத்துக்கு முடைந்திருக்கிறேன், பழையதில் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புயல் காலத்தில் கூரைக் கயிற்றை இரண்டு தடவை கட்டச் சொல். அவளுக்கு இடி என்றால் பயம், சொல்லமாட்டாள், உன் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்துகொள்வாள். அப்போது ஒன்றும் கேட்காதே. கரையில் நான் அழவில்லை என்று அவள் உன்னிடம் சொல்வாள். நீயும் அதையே நம்பு.

உங்கள் ஆட்சி நன்றாக நடக்கட்டும். உங்கள் ஒரே கப்பல் எந்தப் பாறையிலும் தட்டாமல் சுற்றிவரட்டும். எங்கள் மண் தீர்ந்தாலும் எங்கள் கடல் தீராமல் இருக்கட்டும். உனக்கும் அவளுக்கும் அந்த மார்தட்டிக்கும் உடம்பில் நலமும் மனசில் அமைதியும் பானையில் சோறும் குறையாமல் இருக்கட்டும்.

இப்போது என் முறை, லெபேக்கா. எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ கேட்டாய், நான் கொடுத்தேன். இன்று நான் கேட்கிறேன். புபுசிதான், இல்லை என்று சொல்லக்கூடாது. பயப்படாதே, அவளைத் திருப்பி அனுப்பு என்று கேட்கமாட்டேன். சீப்பை அவளிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும், வழக்கம்போல அவளை முழங்காலுக்கு நடுவில் இருத்தித் தலை வாருவாய் அல்லவா? அப்போது அவளை வடமேற்கே பார்த்து உட்காரவை. ஏன் என்று சொல்ல வேண்டாம். கேட்டால் அந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்று சொல். அந்தப் பக்கமிருந்து காற்று வராது என்று அவளுக்குத் தெரியும். பரவாயில்லை, திரும்பி உட்காருவாள்.

உன்
தெபோரா